இடது வாரில் ஒரு துளை

பிப்ரவரி 4

அக்கா,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் கோபம் வருகிற இடத்தை அடித்துவிட்டு மேலே எழுதலாம். இந்தப் பக்கத்திலேயே இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் குதிரை மாப்பிள்ளைக்கு முதுகு சரியில்லை.

நீ போன பிறகு மூன்று மாதம் அவன் மேல் யாரும் ஏறவில்லை. லாயம் பார்க்கும் பட்டாளம் காலையில் கயிறு பிடித்து நடத்திவிட்டுக் கட்டிவிடுவார். பிறகு சவாரிப் பள்ளி முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்கா கை உனக்கும் கொஞ்சமாவது இருக்கும். வாரம் மூணு நாள் நீ ஏறு" என்றார்கள். ஐந்து மாதமாக ஏறுகிறேன். உன் கை எனக்கு இல்லை. இடச்சுற்றில் வட்டம் போட்டால் அவன் வெளியே சறுக்குகிறான். கழுத்து இடது பக்கம் வளைகிறது, உடம்பு வலது பக்கம் போகிறது. போன மாதத்திலிருந்து சேணத்துக்கு அடியில் வலது பக்கம் பிரஷ் பட்டாலே தோல் சிலிர்க்கிறது. பல்லைக் காட்டுகிறான். உபசாரம் குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அந்தக் கோபம் இல்லை இது. வலி.

கால்நடை டாக்டர் அழுத்திப் பார்த்தார். "இருபத்தோரு வயசும்மா. நம்ம வயசுல சொன்னா அறுபதைத் தாண்டிடுச்சு. முதுகு அப்படித்தான் இருக்கும்" என்றார். முதலாளியம்மா மார்ச் முப்பத்தொன்று வரைக்கும் பார்ப்பார்களாம். அதற்குள் சரியாகவில்லை என்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். லாரியில் இரண்டு நாள். பக்கத்து ஊர்ப் போட்டிக்கு இரண்டு மணி நேரம் லாரியில் போனாலே இவன் தொப்பலாக நனைந்து இறங்குவான். பட்டாளம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நாளெல்லாம் தாங்கமாட்டார் பாப்பா" என்றார்.

நீ பதினோரு வருஷம் அவன் மேல் உட்கார்ந்தவள். நம் வீட்டுக் கூடத்தில் உன் மதிப்பெண் தாள் இன்னும் சட்டத்துக்குள் தொங்குகிறது. 'குதிரையும் சவாரி செய்பவரும் ஒரே நேர்க்கோட்டில்' என்று நடுவர் எழுதியது. எப்படி உட்கார்ந்தாய்? அதை மட்டும் சொல்.

பூச்சி

*

பிப்ரவரி 11

பூச்சிக்கு,

வெளிச்சத்தில் பிடிக்கத் தேவைப்படவில்லை. நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள், தாளின் பின்பக்கம் தடவினாலே தெரிகிறது. 'பழைய செருப்பு' என்று மறுபடியும் எழுதப்போயிருக்கிறாய். நல்லவேளை அடித்தாய்.

நான் இப்போது கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். காலையில் ஒன்பது மணிக்கு மேசையில் லென்ஸ்கள் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் நடுப்புள்ளியை மையால் குறித்து, அளவு பார்த்து, ஓரம் தேய்த்துச் சட்டத்தில் பொருத்த வேண்டும். அரை மில்லி தப்பினால் வாங்கியவருக்குத் தலைவலி. குதிரை இல்லை, சாணம் இல்லை, நடுவர் இல்லை. நன்றாக இருக்கிறேன்.

எப்படி உட்கார்வது என்பதெல்லாம் கடிதத்தில் சொல்கிற விஷயமில்லை. கோச்சைக் கேள். அவனுக்கு வயதாகிவிட்டது. டாக்டர் சொல்வதைக் கேட்டு ஓய்வு கொடுங்கள். லாரியில் மட்டும் ஏற்றவேண்டாம் என்று முதலாளியம்மாவிடம் சொல்.

அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அக்கா

பின்குறிப்பு: சறுக்கும்போது எந்தத் தோள் முதலில் போகிறது? மெதுநடையிலேயே வருகிறதா, ட்ராட் ஓட்டத்தில் மட்டுமா? நிறுத்தினால் நான்கு காலையும் சதுரமாக வைக்கிறானா? சும்மாதான் கேட்கிறேன்.

*

பிப்ரவரி 16

அக்கா,

உன் கடிதத்தில் உயிர் இருந்ததே பின்குறிப்பில்தான். அதற்கே பதில் சொல்கிறேன்.

வலது தோள் முதலில் போகிறது. மெதுநடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது, ட்ராட்டில் இன்னும் மோசம். நிறுத்தினால் சதுரமாக வைப்பதில்லை, வலது முன்னங்காலில் பாரம் போட்டு நிற்கிறான்.

கோச்சைக் கேட்டேன். நீள்கயிற்றில் மாப்பிள்ளையைச் சுற்றவிட்டு, நடுவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் சாயறே."

"நேராத்தானே கோச் இருக்கேன்?"

"நீ அப்படி நினைக்கறே. அவன் வேற மாதிரி நினைக்கறான். நாலு கால் இருக்கறவன் பேச்சைத்தான் நான் நம்புவேன்."

அன்றிலிருந்து என்னையே கண்காணித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்தும்போது வலது காலை இடது கால் மேல் போட்டு, வலது முழங்கையில் சாய்கிறேன். பத்து வருஷப் பழக்கம். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் 'இரண்டு எலும்பு' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். உட்காரும்போது அடியில் இரண்டு எலும்பு முனை தட்டுப்படுமே, இரண்டிலும் பாரம் சமமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே நினைவுபடுத்திக்கொள்ள. பக்கத்து மேசைக்காரி, "ஏதாவது ஆபரேஷனா?" என்று தணிந்த குரலில் விசாரித்தாள்.

பலன் இருக்கிறது. ஆனால் நாற்காலியில் மட்டும். நாற்காலியில் நேராக இருக்கிறேன், பஸ்ஸில் நேராக இருக்கிறேன். சேணத்தில் உட்கார்ந்த நிமிஷம் வலது பக்கம் போய்விடுகிறேன். அங்கே மட்டும் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை.

இத்தனைக்கும் நீ வைத்ததில் எதையும் நான் மாற்றவில்லை. உன் சேணம்தான். கால் நுழைக்கும் அங்கவடி வார்கள் இரண்டும் நீ விட்டுப்போன துளையிலேயே இருக்கின்றன. இடது வார் ஒரு துளை ஏற்றியிருந்தது. முதலில் குழம்பினேன். பிறகு ஒரு பழைய சவாரிப் புத்தகத்தில் காரணம் கிடைத்தது. எப்போதும் இடது பக்கமாகவே ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுவிடுமாம், ஒரு துளை ஏற்றிக் கட்டினால் இரண்டும் சமமாகுமாம். அக்கா இவ்வளவு நுணுக்கம் பார்த்திருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. கண்டுபிடித்த எனக்கும் ஒரு பங்கு பெருமை வைத்துக்கொண்டேன்.

உன்னைப் போலவே தரையிலிருந்துதான் ஏறுகிறேன். மூலையில் கிடக்கிற அந்த மூன்று படி ஏறுமேடையைத் தொடுவதில்லை. "வயசான முதுகைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறாதே" என்று பட்டாளம் தினமும் திட்டுகிறார். "அது சின்னப் பசங்களுக்கு" என்று நீ சொல்லும் பதிலையே நானும் சொல்கிறேன்.

நீ செய்ததை எல்லாம் அப்படியே செய்கிறேன். பிறகு ஏன்?

பூச்சி

*

பிப்ரவரி 22

பூச்சிக்கு,

அந்தச் சேணத்தை அவன் மேல் போடுவதை உடனே நிறுத்து. வேறு சேணம் போடு. என்னுடையதைச் சாக்கில் கட்டிப் பார்சல் ஆபீஸில் போட்டுவிடு, இங்கே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏறுமேடையில் ஏறு. நீ நானில்லை.

காரணம் கேட்காதே.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

அனுப்பமாட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன் பஸ் நிலையத்தில் உன்னிடம் கேட்டேன். "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பழைய செருப்பு மாதிரி விட்டுட்டுப் போறியே?" என்று. நீ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ கிளம்பிய அன்று காலை அவன் லாயக் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ வரும் நேரம் தாண்டி ஒரு மணி நேரம். பட்டாளம் வைக்கோல் போட்டும் திரும்பவில்லை. சீப்பு வரைக்கும் எடுத்துப் போனாய், சேணத்தை விட்டுப்போனாய். இப்போது அதுவும் வேண்டுமா? அவனிடம் உன் வாசனை இருக்கிற பொருள் அது ஒன்றுதான்.

வேறு சேணம் போட்டுப் பார்க்காமல் இல்லை. சவாரிப் பள்ளிச் சேணங்கள் எல்லாம் இளங்குதிரைகளுக்கு. இவன் தோள்மேட்டில் உட்கார்வதில்லை, பாதி வட்டத்தில் பக்கவாட்டில் தொங்கிவிடுகிறது.

பட்டாளம் கடிவாளங்களுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன். "அந்தச் சேணத்துல என்ன இருக்கு?"

அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். "அக்காவைக் கேளு பாப்பா. நான் வாக்குக் குடுத்தவன்."

"நாட்டு ரகசியமா?"

"அதைவிடப் பெருசு. உங்க வீட்டு ரகசியம்."

பண்ணைக்காரருக்கு முதலாளியம்மா கடிதம் போட்டுவிட்டார்கள். இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. 'அக்கா மேல இருக்கற கோபத்தைக் குதிரை மேல இறக்காதே' என்று கோச் என்னிடம் சொல்கிறார். இறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீ உன்னுடையதை யார் மேல் இறக்குகிறாய்?

பூச்சி

*

மார்ச் 6

பூச்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நேற்று ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். பஸ் கண்டக்டர். இடது லென்ஸ் வலதைவிடத் தடிமன். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெளியே தெரியாம ரெண்டையும் ஒரே மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார். எங்கள் மேஸ்திரி சிரித்தார். "ரெண்டு கண்ணும் ஒண்ணா இருந்தா நாங்க எதுக்குய்யா இங்க உட்கார்ந்திருக்கோம்? இதுல வெட்கப்பட என்ன இருக்கு?" நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில், மாப்பிள்ளை வருவதற்கு முந்தின வருஷம், சிவப்புக் குதிரையிலிருந்து விழுந்தேன் இல்லையா? சுளுக்கு என்று வீட்டில் சொன்னேன். அது சுளுக்கு இல்லை, எலும்பு முறிவு. அம்மாவுக்குத் தெரிந்தால் லாயத்துப் பக்கமே விடமாட்டாள் என்று கட்டுப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இடது இடுப்பு கொஞ்சம் தாழ்ந்து கூடிவிட்டது. நடக்கும்போது யாருக்கும் தெரியாது. பேன்ட் தைக்கிற டெய்லருக்குத் தெரியும். சேணத்தில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் தெரியும், இடது பக்கம் சரிந்துவிடுவேன்.

சேணம் தைப்பவரிடம் போய் நின்றேன். அவர் இடது பக்கத்து மெத்தையைப் பிரித்து ஒரு விரல் கனத்துக்குக் கம்பளி அடைத்துத் தைத்தார். இடது வாரை ஒரு துளை ஏற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் நேராகிவிட்டேன். அவருக்கும் பட்டாளத்துக்கும் மட்டும் தெரியும். இருவரிடமும் சத்தியம் வாங்கினேன். பட்டாளம் சல்யூட் அடித்தார், கிண்டலாக இல்லை.

கூடத்தில் தொங்கும் அந்தத் தாளைக் கடக்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். நேர்க்கோட்டில் இருந்தது நானில்லை. கம்பளி.

உன் புத்தகம் பொய் சொல்லவில்லை. இடது வார் நீளத்தான் செய்யும். அதனாலேயே மாதம் ஒரு முறை இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவந்தேன். கழற்றித் தரையில் போட்டு அளந்து பார், ஒரே நீளம் இருக்கும். நீ நேராகத்தான் இருக்கிறாய். என் சேணம் உன் இடது பக்கத்தைத் தூக்கி வலது பக்கம் தள்ளுகிறது. நீ சாய்ந்தால் உன் பாரத்துக்கு அடியில் வந்து தாங்க வேண்டும் என்று அவன் வலது தோளைப் போடுகிறான். ஐந்து மாதமாக என் இடுப்பை மாட்டிக்கொண்டு சவாரி செய்கிறாய், பூச்சி.

அவன் முதுகுவலிக்குக் காரணம் வயசில்லை. உன் போன கடிதத்துக்கு முந்தின கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வாரைப் பற்றி நீ பெருமைப்பட்டு எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதே. அப்போதே சொல்லியிருக்கலாம். சேணத்தைத் திருப்பி அனுப்பு என்றுதான் எழுத வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இடுப்பு மறுபடி மோசமாகிவிட்டது. கடைசி மாதத்தில் ஒரு நாள் நான்கு முறை ஏறப் பார்த்தேன், கால் அங்கவடிக்கு எட்டவில்லை. நான்கு முறையும் அவன் அசையாமல் நின்றான். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஏறுமேடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதை இழுத்துவந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். வேலைக்கு மனுப் போட்டேன்.

கிளம்பும் அன்று அவன் முகத்தைப் பார்த்திருந்தால் ஐந்தாவது முறை ஏறப் பார்த்திருப்பேன். அதனால்தான் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

இரண்டு வாரையும் சமையலறைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டேன். தாண்டிப் போன அம்மா, "இதென்ன பாம்பு மாதிரி?" என்று திடுக்கிட்டாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. புத்தகத்தில் படித்ததை ஒரு முறை தரையில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஐந்து மாதமாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேணத்தை எடுத்துக்கொண்டு அதைத் தைத்தவரிடம் போனேன். அவர் அதை மேசையில் கவிழ்த்து, இடது மெத்தையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"அக்கா சொன்னாங்களா, நீயா கண்டுபிடிச்சியா?"

"அக்காதான்."

"அப்பாடா. பதினோரு வருஷம்மா. என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலை. அவளுக்கு இது தெரிஞ்சா முதல்ல எனக்குத்தான் சேணம் பூட்டுவா."

தையலைப் பிரித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடிக் கம்பளி வந்தது, உன் பாரத்தில் அழுந்தி அழுந்தித் துணிபோல் ஆகியிருந்தது. தப்பான சேணத்தை இத்தனை நாள் போட்டுவிட்டேனே என்று நான் ஏதோ சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "தப்பான சேணம்னு சொல்லாதேம்மா. அவங்களுக்குச் சரியான சேணம்" என்றார். அந்தக் கம்பளியை ஒரு உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதிதான் போயிருக்கிறது. மிச்சம் என் மேல் திரும்பியிருக்கிறது. ஒரு கமா இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்த ஆளை நான் படிக்கவே இல்லை. மாடிப்படியில் எப்போதும் என்னை முன்னால் போகவிடுவாயே, அது பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரியமாகவும் இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பது நாள் இருக்கிறது. சேணம் நேராகிவிட்டது. இனி எப்படி உட்கார்வது? இந்த முறை சொல்வாயா?

பூச்சி

*

மார்ச் 17

பூச்சி,

சொல்கிறேன். கோச்சிடமும் காட்டு, அவர் திட்டினால் அவர் சொல்வதையே கேள்.

சேணம் போட்டு ஒரு நாலு நாள் ஏறாதே, வெறுமனே கையில் பிடித்து நடத்து. முதுகு ஆறட்டும். பிறகு ஏறும்போது ஏறுமேடை. முதல் இருபது நிமிஷம் மெதுநடை மட்டும், கடிவாள வாரைத் தளர்த்தி, கழுத்தை அவன் இஷ்டத்துக்குக் கீழே விடட்டும். இளங்குதிரைக்குப் பத்து நிமிஷம் போதும், இவனுக்கு மூட்டு இளக நேரம் வேண்டும். காலையில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிவிட்டுத்தானே எழுவார், அதேதான்.

அங்கவடி இரண்டையும் கழற்றிவிடு. கோச் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும், நீ கண்ணை மூடிக்கொள். அவன் பின்னங்கால் ஒவ்வொன்றும் தரையில் படும்போது உன் அடியில் அந்தப் பக்கத்து எலும்பு லேசாக ஏறி இறங்கும். 'இடது, வலது' என்று வாய்விட்டுச் சொல். தப்பாகச் சொன்னால் கோச் சிரிப்பார், சிரிக்கட்டும். காலை வைத்து இறுக்காதே. நனைந்த துணியைக் கொடியில் போட்ட மாதிரி தொங்கட்டும்.

திரும்புவதற்குக் கையை இழுக்காதே. உன் நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போவான், பதினோரு வருஷம் அப்படித்தான் போனான். எதையும் ஒரு முறைதான் கேட்கவேண்டும். பதில் வரும்வரை காத்திரு. இரண்டாம் முறை கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்வான். பெயர் சும்மா வைக்கவில்லை. அவன் முதுகு உனக்கு அடியில் எழும்பி வருவது தெரியும். அதற்கு முன்னால் ட்ராட் கேட்காதே.

இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா குதிரை ஏறினீங்க?" என்றார். "குதிரைக்குத் தெரியும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாண்டிவிடுவாய். லாரி வராது. அவன் இங்கேயே இருக்கிறான்.

இனி முதலிலிருந்து.

நீ சொன்னபடியே செய்தேன். ஏழாம் நாள் பிரஷ் போட்டபோது தோல் சிலிர்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'இடது, வலது' சொன்னேன். முதல் நாள் பாதி தப்பு. கோச், "பூச்சி, இது நாலு காலு. நீ அஞ்சாவது காலுக்கு எல்லாம் கணக்கு சொல்றே" என்றார். மூன்றாம் நாள் தப்பவில்லை. அந்தக் கால்கள் எனக்கே முளைத்த மாதிரி இருந்தது. இடச்சுற்றில் சறுக்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஆனால் நிறுத்தும்போது மட்டும் ஒன்று நடந்தது. நான் நேராகத்தான் இருந்தேன், சேணமும் நேர். நின்ற மறுகணம் அவன் முதுகை எனக்கு அடியில் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துவான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், வந்தவருக்காக ஒரு கையளவு நகர்ந்துகொள்வாரே, அந்த மாதிரி. காலைச் சேர்த்துத் திருத்திப் பார்த்தேன். மறுபடி நகர்ந்தான். கோச்சுக்கும் புரியவில்லை. வேலிக்கு வெளியே நின்ற பட்டாளம்தான் சொன்னார்.

"அக்காவுக்கு இடம் விடறாரும்மா."

நீ கம்பளி வைத்துத் தூரத்துக்கு நேராகத் தெரிந்தாய். அவனுக்குத் தெரியாமல் வைக்க முடியவில்லை. மெத்தை தாங்கியது போக மிச்சச் சரிவை, பதினோரு வருஷமும் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவன் அடியில் வந்து தாங்கியிருக்கிறான். அந்தத் தாளில் நடுவர் எழுதியது பொய்யில்லை அக்கா. ஒரே நேர்க்கோடுதான். அதைப் போட்டது நீ மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவனைத் திருத்தவில்லை. நிறுத்துவேன். அவன் இடது பக்கம் நகர்வான். நான் இருந்த இடத்திலேயே இருந்து மூச்சை விடுவேன். எதிர்பார்த்த பாரம் வரவில்லை என்று அவன் காத்திருப்பான். காது ஒன்று பின்னால் திரும்பும். பிறகு மெதுவாக நடுவுக்கு வருவான். முதல் நாள் பத்து மூச்சு ஆயிற்று. அப்புறம் ஏழு. போன வாரம் மூன்று. பத்து மூச்சு ஆன அன்று, உன் இடத்தை அவனிடமிருந்து நான் பிடுங்குகிறேனோ என்று தோன்றி இறங்கிவிட்டேன். அவன் கழுத்தில் முகத்தை வைத்து நின்றேன். அவன் பொறுமையிழந்து என் பையைத் தேடினான். அவனுக்கு இவ்வளவு யோசனை கிடையாது.

முப்பத்தொன்றாம் தேதி முதலாளியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் வேலியில் சாய்ந்து நின்றார். எல்லோர் முன்னாலும் ஏறுமேடையை நானே இழுத்துப்போட்டு ஏறினேன். மெதுநடை, இரண்டு பக்கமும் வட்டம், ஒரு ட்ராட். கேன்டர் பாய்ச்சல் கேட்கவில்லை. அவனும் தரவில்லை. பிரமாதமாக எதுவும் இல்லை. ஒரு திருப்பத்தில் தடுமாறினான், நான் கையால் பிடித்துவிட்டேன், அவன் காதை மடித்தான். கடைசியில் நடுக்கோட்டில் வந்து நிறுத்தினேன். இடது பக்கம் நகர்ந்தான். ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது மூச்சில் வந்தான். நான்கு காலும் சதுரம்.

முதலாளியம்மா எழுந்து வந்து அவன் வலது முதுகை அழுத்திப் பார்த்தார்கள். "அழகா இல்லை. ஆனா வலி இல்லை" என்றார்கள். அப்புறம் என்னிடம், "போட்டி கிடையாது, வேற யாரும் ஏறக்கூடாது. நீ மட்டும், அரை மணி நேரம். அவன் லாயத்தை நீதான் கூட்டணும்." டாக்டர் ஏதோ வயசைப் பற்றி ஆரம்பித்தார். பட்டாளம் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க அழைத்துப் போய்விட்டார்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ சொன்னபடி ஒரு முறைதான் கேட்பேன், பிறகு காத்திருப்பேன். ஒரு நாள் வா. சேணம் வேண்டாம், ஒரு போர்வை மட்டும் போதும், ஒரு சுற்று மெதுநடை. மூன்று மூச்சுக்கு அந்த இடத்தை அவன் இன்னும் விட்டுத்தான் வைக்கிறான். அது முழுதும் மூடிப்போவதற்கு முன்னால் வா.

பூச்சி

*

ஏப்ரல் 13

பூச்சி,

பட்டறையில் இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி காரணம் கேட்டார். "உறவுக்காரர் ஒருத்தரைப் பார்க்கணும், மாப்பிள்ளை முறை" என்றேன். "அப்போ வெறுங்கையோட போகாதே" என்றார். கேரட் வாங்கிவருகிறேன்.

எலும்பு டாக்டர், "குதிச்சு இறங்கமாட்டேன்னு எழுதிக் குடுத்தா ஒரே ஒரு தடவை, அதுவும் நடை மட்டும்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் இடுப்பில் கத்தி வைக்கப்போகிறார், அதையும் நேரில் சொல்கிறேன். அம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே. கூடத்துத் தாளைக் கழற்றவேண்டாம். கீழே தொட்டுப் பார்க்கும் உயரத்தில் மாட்டு.

அந்தக் கம்பளி உறையை எடுத்து வை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். அந்த நேரத்தில் லாயத்தில் வகுப்பு நடக்கும், மைதானம் முழுக்க ஆள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வரை காத்திருக்கலாம் என்று நீ சொல்வாய். வேண்டாம்.

அவனைப் போர்வையோடு மைதானத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்து. பக்கத்தில் ஏறுமேடையை இழுத்துப் போடு. மூன்று படி என்றாய். மெதுவாகத்தான் ஏறுவேன், உன் கை வேண்டியிருக்கும்.

அக்கா